3 என்றால் எந்த 3? கிளாரினெட் ரீட் நம்பர்களைப் பிராண்டுக்குப் பிராண்ட் ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

பல மாதங்களாக ஒரே பிராண்டில் 3ஆம் நம்பர் ரீட் வாசித்துக்கொண்டிருந்தேன். ரீட் என்பது கிளாரினெட்டின் மவுத்பீஸ் என்ற ஊதும் முனையில் மாட்டும் மெல்லிய நாணல் பட்டை, அது அதிர்ந்துதான் சத்தம் வருகிறது. நம்பர் அது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. ஒரு மாறுதலுக்காக இன்னொரு பிராண்டைப் பார்க்கலாமே என்று தோன்றியது. அதிலும் 3 என்று அச்சிட்டிருந்த பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். முதல் ரீட்டை மாட்டி ஊதினால் பாதி காற்று, பாதி சத்தம். மோசமான ரீட் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. ஆறாவது ரீட்டும் அதே கதையைச் சொன்னபோதுதான் உறைத்தது: இந்த 3 வேறு, நான் வாசித்து வந்த 3 வேறு. மீதி நான்கு ரீட்டுகள் வருடக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்தன.

அந்தப் பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையையும் கீழே படிப்படியாக எழுதுகிறேன். பி ஃபிளாட் கிளாரினெட்டை மனதில் வைத்து எழுதியது. பாஸ் கிளாரினெட், இ ஃபிளாட் கிளாரினெட் வாசிப்பவர்களுக்கும் முறை இதேதான். ஆனால் ஒரு கருவியின் நம்பரை இன்னொரு கருவிக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது.

முதலில், அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது

கெட்டியான ரீட் என்றால் தடிமனான ரீட் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே மாடலில் 2.5, 4 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒரே அச்சுக்கு வெட்டியவை. வித்தியாசம் நாணலுக்குள் இருக்கிறது. அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணல் இயற்கையில் விளைவது. ஒரு தண்டு இறுக்கமாக இருக்கும், பக்கத்துத் தண்டு சற்று இளக்கமாக இருக்கும். ஏன், ஒரே தண்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். தொழிற்சாலையில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டிவிட்டு, பிறகு எந்திரத்தில் வைத்து நுனியருகே அழுத்தி, எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று அளக்கிறார்கள். குறைவாக வளைந்தால் பெரிய நம்பர், அதிகம் வளைந்தால் சின்ன நம்பர். 3ஆம் நம்பர் ரீட் தயாரிக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து 3ஐத் தயாரிப்பதில்லை. வெட்டி முடித்த குவியலில் இருந்து 3ஐப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. எவ்வளவு வளைந்தால் 3 என்று சொல்லும் பொதுத் தரம் இந்தத் தொழிலில் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலைத் தானே வைத்துக்கொள்கிறது. அப்புறம், 3 என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு வரம்பு. ஒரு பெட்டியின் மிகக் கெட்டியான 3ம், அடுத்த பெட்டியின் மிக இளக்கமான 3.5ம் கிட்டத்தட்ட அக்கம்பக்கத்தார்தான்.

மூன்றாவது விஷயம்தான் பலருக்குப் பிடிபடாமல் போகிறது. எந்திரம் ஒரு இடத்தில் அழுத்திப் பார்க்கிறது. உதடோ நுனி, நடுவில் தடித்த இதயப்பகுதி, இரு ஓரங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து உணர்கிறது. வடிவம் மாறினால், எந்திரம் ஒரே நம்பர் கொடுத்தாலும் வாய்க்கு வேறு ரீட்தான். வாண்டோரன் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலப்பெட்டி என்று எல்லாரும் சொல்லும் டிரெடிஷனல் ரீட்டின் நுனி சுமார் 0.09 மி.மீ., அடிப்பாகம் 2.8 மி.மீ. வி12இல் நுனி 0.10, அடி 3.15. 56 ரூ லெபிக்கில் நுனி 0.11, அடி 3.25. ஒரே நிறுவனம்தான், ஆனாலும் இவை மூன்று வேறு ஆட்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், வெளியே போனால் கேட்கவே வேண்டாம்.

படி 1: உங்கள் அளவுகோல் ரீட்டைத் தீர்மானியுங்கள்

ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். இப்போது நீங்கள் வாசிக்கும் மாடலும் நம்பரும்தான் அந்தப் பக்கம். ஆனால் அது உங்களுக்கு உண்மையிலேயே பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். தவறான அளவுகோலை வைத்துக்கொண்டு எதை அளந்தாலும் தவறாகத்தான் வரும்.

ரீட் கெட்டியாகிவிட்டது என்பதை எப்படி அறிவது? சத்தத்தோடு காற்றும் சேர்ந்து கேட்கும். மெல்ல ஆரம்பிக்கும் ஸ்வரம் உடனே பேசாது, ஒரு கணம் தாமதித்து "புஸ்" என்று வரும். கால் மணி நேரத்தில் உதடு தளரும், தெரியாமலேயே கடிக்க ஆரம்பிப்போம். சுருதி மேலே ஏறப் பார்க்கும். ரீட் இளக்கமாக இருந்தால் இதற்கு நேர்மாறு. ஆரம்பிப்பது வெகு சுலபம், ஆனால் பலமாக ஊதினால் ரீட் மவுத்பீஸோடு ஒட்டி மூடிக்கொள்ளும். மேல் ஸ்வரங்கள் கீழே தொங்கும், ஆல்டிஸிமோ என்ற உச்ச ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் வரவே வராது. சத்தம் மெலிந்து ரீங்காரமிடும்.

கீச்சிடுவதை மட்டும் வைத்து நம்பரைக் குறை சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் ரீட்டின் இரண்டு ஓரங்களும் சமமாக இல்லாததால் வரும், அல்லது நம் விரல் துளையைச் சரியாக மூடாததால் வரும். நான் விரலுக்கான பழியை ரீட்டின் மேல் போட்ட நாட்கள் கணக்கில்லை.

பெரிய நம்பர் என்றால் பெரிய வித்வான் என்ற எண்ணம் மாணவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 2.5இல் அருமையாக வாசிக்கும் தொழில்முறைக் கலைஞர்கள் உண்டு. அவர்கள் மவுத்பீஸ் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

படி 2: மவுத்பீஸைக் கணக்கில் கொண்டுவாருங்கள்

நண்பர் ஒருவர் 4 வாசிக்கிறார், நீங்கள் 3 வாசிக்கிறீர்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியது அவருடைய மவுத்பீஸ் என்ன என்பதைத்தான். ரீட்டின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள திறப்பு பெரிதாக இருந்தால், ஒவ்வொரு அதிர்விலும் ரீட் அதிக தூரம் வளைய வேண்டும். அதற்கு இளக்கமான ரீட் தேவை. திறப்பு சின்னதாக இருந்தால் கெட்டியான ரீட் தாங்கும். வாண்டோரனின் பி45 மவுத்பீஸின் திறப்பு 1.195 மி.மீ. எம்30இல் 1.15. 5ஆர்வி லைரில் 1.095. பி45க்கும் 5ஆர்வி லைருக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. ஊதிப் பார்த்தால் அரை நம்பர் வித்தியாசம் சர்வசாதாரணமாகத் தெரியும்.

திறப்பு மட்டும் போதாது. ரீட் மவுத்பீஸை விட்டு விலக ஆரம்பிக்கும் இடத்திலிருந்து நுனி வரை ஒரு வளைவு இருக்கிறது, அதை ஃபேசிங் என்பார்கள். ஃபேசிங் நீளமாக இருந்தால் ரீட்டின் நீளமான பகுதி அசையும், அதனால் சற்றுக் கெட்டியான ரீட்டும் ஒத்துழைக்கும். குட்டையான ஃபேசிங்குக்கு இளக்கமானது நல்லது. ஜெர்மன், ஆஸ்திரிய மவுத்பீஸ்களின் திறப்பும் ஃபேசிங்கும் வேறு கணக்கு. அவற்றுக்கென்று வாண்டோரன் ஒயிட் மாஸ்டர், பிளாக் மாஸ்டர் என்று தனி வகைகளை வைத்திருக்கிறது. அவற்றின் நம்பரை நீலப்பெட்டி போன்ற பிரெஞ்சு வெட்டு ரீட்டோடு ஒப்பிட முயற்சி செய்யவே வேண்டாம்.

ஒரு தாளில் இவற்றை எழுதிவிடுங்கள்: மவுத்பீஸ் பெயர், திறப்பு, ஃபேசிங் நீளமா குட்டையா, ரீட்டை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சர் எது. ஒப்பீடு முடியும் வரை இதில் எதையும் மாற்றக் கூடாது.

படி 3: ஒப்பீட்டு அட்டவணையைப் படிக்கும் விதம்

பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒப்பீட்டு அட்டவணை வெளியிடுகின்றன. மேலே இளக்கத்திலிருந்து கெட்டி வரையான ஒரு கோடு, கீழே ஒவ்வொரு பிராண்டின் நம்பர்களும் வரிசையாக இருக்கும். உங்கள் அளவுகோல் ரீட் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து நேராக மேலும் கீழும் ஒரு கோடு இழுங்கள். எந்த நம்பர்களைத் தொடுகிறதோ அவை ஆரம்ப இடம். அதற்கு மேல் அந்தத் தாளுக்கு மரியாதை கொடுக்க வேண்டாம். அட்டவணை தெருவைக் காட்டும், வீட்டை நாம்தான் தேட வேண்டும். இன்னொன்று, அட்டவணையை வெளியிடும் நிறுவனம் போட்டியாளரின் ரீட்டைத் தன் எந்திரத்தில்தான் அளந்திருக்கும். அதனால் இரண்டு நிறுவனங்களின் அட்டவணைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடிக்கடி எதிர்ப்படும் சிலவற்றைப் பற்றி நான் சொல்லக்கூடியது இது. ஆரஞ்சுப் பெட்டியில் வரும் ரிகோ, வாண்டோரனை விட இளக்கம். ரிகோவில் 3 வாசிப்பவர் வாண்டோரன் நீலப்பெட்டிக்கு மாறினால் 2.5இல் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். மிட்செல் லூரி ரீட்டுகளும் மென்மையான பக்கம்தான். நீலப்பெட்டியில் இருந்து ரிகோவுக்குப் போகிறவர் அதே காரணத்தால் அரை நம்பர் ஏற வேண்டியிருக்கும். ரிகோ நிறுவனம் 2004இல் டட்டாரியோவின் கைக்கு வந்தது. அந்த வீட்டின் ரிசர்வ் வகை ஆரஞ்சுப் பெட்டியைப் போல இளக்கமில்லை. அதை வாண்டோரனின் அக்கம்பக்கத்தில் வைத்துத்தான் தேட வேண்டும். ஆக, "ரிகோ மெல்லிசு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அந்த வீட்டின் ஒரு பிள்ளைக்கு மட்டும் பொருந்தும்.

நம்பருக்குப் பின்னால் வரும் கூட்டல் குறியையும் கவனியுங்கள். வாண்டோரனின் வி12, ரூ லெபிக், வி21 மூன்றிலும் 3.5+ என்று ஒன்று உண்டு. 3.5க்கும் 4க்கும் நடுவில் நிற்பது. நீலப்பெட்டியில் அது கிடையாது. ரிசர்விலும் கூட்டல் குறி நம்பர்கள் வருகின்றன. அரை நம்பர் ஏறினால் அதிகம், ஏறாவிட்டால் குறைவு என்று திண்டாடுபவர்களுக்கு இந்தக் கூட்டல் குறி பெரிய உதவி.

படி 4: என்ன வாங்குவது

ஒரே நம்பரில் முழுப் பெட்டி வாங்கிச் சூடுபட்டவன் சொல்கிறேன், முதல் தடவை அப்படிச் செய்யாதீர்கள். அட்டவணை காட்டும் நம்பரில் இரண்டு மூன்று ரீட், அதற்குக் கீழே அரை நம்பரில் இரண்டு, மேலே அரை நம்பரில் இரண்டு. தனித்தனியாகவோ சின்னப் பொதியாகவோ கிடைத்தால் இப்படி வாங்குங்கள். ஒரே ஒரு ரீட்டை வைத்து ஒரு பிராண்டைப் பற்றி முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் 3 என்பது வரம்பு என்று மேலே பார்த்தோம். உங்களுக்குக் கிடைத்தது அந்த வரம்பின் எந்த முனை என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது இருந்தால் ஓரளவு போக்கு புலப்படும்.

முடிந்தால் ஒரு சமயத்தில் ஒரு பிராண்ட் மட்டும். நான்கு பிராண்டுகளை மேசையில் பரப்பி ஒரே மாலையில் ஊதினால் கடைசியில் உதடு மரத்துப்போய் எல்லாமே கெட்டியாகத்தான் தோன்றும்.

படி 5: ரீட்டுகளை ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பெட்டியில் இருந்து இப்போதுதான் எடுத்த புது ரீட்டை, இரண்டு வாரம் பழகிய உங்கள் பழைய ரீட்டோடு ஒப்பிட்டால் பழையதுதான் ஜெயிக்கும். அது நியாயமான போட்டி இல்லை. அளவுகோல் ரீட்டிலும் ஒரு புதியதை எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பழக்குங்கள்.

வாயிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ ஒரு நிமிடம் நனைத்தால் போதும், ஊறப்போட வேண்டாம். முதல் நாள் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், நடு ஸ்தாயியில், மிதமாக. அடுத்த நாள் கொஞ்சம் கூட. மூன்று நான்கு நாள் இப்படிப் போகட்டும். வாசித்து முடித்ததும் துடைத்து, தட்டையான கண்ணாடி மேலோ ரீட் பெட்டியிலோ வையுங்கள். முதல் நாள் இளக்கமாக இருந்தது மூன்றாம் நாள் கெட்டியாகலாம், கெட்டியாக இருந்தது இளகியும் போகலாம். நான் முதல் நாளில் தூக்கி எறியப் பார்த்த ரீட் ஒன்று பிறகு அந்தப் பெட்டியிலேயே சிறந்ததாக ஆனது. அதனால் நான்காம் நாளுக்கு முன் எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை.

ஈரப்பதமும் விளையாடும். காற்று வறண்டால் ரீட்டின் அடிப்பக்கம் அலை அலையாக வளைந்து மவுத்பீஸில் சரியாகப் படியாது. அப்போது காற்று கசியும், நாம் ரீட் கெட்டி என்று நினைத்துக்கொள்வோம். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ரீட் மாட்டிய மவுத்பீஸின் அடித்துவாரத்தை உள்ளங்கையால் மூடி, நுனிப்பக்கம் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுங்கள். ரீட் ஒரு கணம் ஒட்டி நின்று "டப்" என்று விட்டால் நன்றாகப் படிந்திருக்கிறது. உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. கசிகிற ரீட்டை வைத்து நம்பரைப் பற்றிப் பேசாதீர்கள்.

படி 6: கண்ணை மறைத்து ஒப்பிடுங்கள்

இதுதான் இந்த வேலையின் மையம். நம்பரைப் பார்த்துவிட்டு ஊதினால், 3.5 என்று தெரிந்ததுமே உதடு இறுகிவிடும். வீட்டில் யாரையாவது ரீட்டை மாட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது தட்டையான பக்கத்தில் பென்சிலால் அ, ஆ, இ என்று குறித்து, எந்த எழுத்து எந்த ரீட் என்பதைத் தனித் தாளில் எழுதி மடித்து வையுங்கள்.

மாட்டும் உயரம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். ரீட்டின் நுனியை விரலால் லேசாக அழுத்தினால் மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு மயிரிழையாகத் தெரியும் நிலை ஒரு நல்ல பொதுநிலை. ரீட்டை இதைவிட மேலே தள்ளினால் கெட்டியாக உணர்வோம், கீழே இறக்கினால் இளக்கமாக உணர்வோம். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் மாட்டிவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் உழைப்பெல்லாம் வீண்.

எல்லா ரீட்டிலும் ஒரே ஐந்து வேலைகளைச் செய்யுங்கள். திறந்த ஜியை (எந்தத் துளையையும் மூடாமல் வரும் ஸ்வரம்) ஒன்றுமில்லாததில் இருந்து ஆரம்பித்து மெல்லப் பெரிதாக்கி மறுபடி ஒன்றுமில்லாததாக்குங்கள். ஆரம்பம் எவ்வளவு சீக்கிரம் பேசுகிறது, பெரிதாகும்போது மூடுகிறதா என்று இதிலேயே பாதி தெரிந்துவிடும். கீழ் இ (E) ஸ்வரத்திலிருந்து, ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் சாவியை மட்டும் தட்டி பி (B) ஸ்வரத்துக்குத் தாவுங்கள், உதட்டை அசைக்காமல். ஒரே ஸ்வரத்தில் நாக்கால் வேகமாக வெட்டிப் பாருங்கள். மேல் சியில் இருந்து ஆல்டிஸிமோவுக்கு ஏறுங்கள், சுருதிக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கடைசியாக உங்களுக்கு மனப்பாடமான ஏதோ ஒரு பகுதியை வாசியுங்கள். இந்த ஐந்தாவது வேலையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மற்ற நான்கும் ரீட்டைச் சோதிக்கும், இதில் மட்டும் நாம் ரீட்டையே மறந்துவிடுகிறோமா என்பது தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மூன்று நான்கு ரீட்டுக்கு ஒரு முறை ஓய்வு. அடுத்த நாள் வரிசையை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே தீர்ப்பு வந்த ரீட்டுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 7: தீர்ப்பைப் படிப்பது

மடித்த தாளைத் திறக்கும் நேரம். புது பிராண்டின் மூன்று ரீட்டுமே கெட்டியாகத் தோன்றியிருந்தால் நம்பரைக் குறையுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் கெட்டி என்றால் அது அந்த ரீட்டின் குணம், நம்பரில் கை வைக்காதீர்கள்.

அந்த ஒற்றை ரீட் கெட்டியா, இல்லை ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. மவுத்பீஸை வாயில் லேசாக ஒரு பக்கம் திருப்பி, உதடு ரீட்டின் ஒரு ஓரத்தை அடக்கும்படி வைத்துத் திறந்த ஜியை ஊதுங்கள். மறு ஓரம் மட்டும் பேசும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி ஊதுங்கள். எந்தப் பக்கம் தனியாகப் பேசும்போது திணறுகிறதோ அந்த ஓரத்தில் மரம் கூடுதலாக இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளை எடுத்து அந்த ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு, பிறகு மறுபடி ஊதிப் பார்ப்பது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் கை அடக்கமாக இருக்கட்டும். இளக்கமான ரீட்டின் நுனியை டிரிம்மரால் மயிரிழை வெட்டினால் கெட்டியாகும்.

சில சமயம் நம்பர் சரி, சத்தம் பிடிக்கவில்லை என்று வரும். அது வடிவம் சம்பந்தப்பட்டது. நம்பரை ஏற்றி இறக்கி அதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருவார்கள். அந்தப் பிராண்டிலேயே அடிப்பாகம் தடித்த வேறு வகையையோ, மெல்லியதையோ பாருங்கள்.

செயற்கை ரீட்டுகளுக்கு மாறுகிறவர்களுக்கு

லெஜேர் 1998இல் கனடாவில் தொடங்கிய நிறுவனம். பாலிமர் ரீட்டுகளைச் செய்கிறது. நம்பர்கள் கால் கால் அளவில் ஏறுகின்றன: 2.5, 2.75, 3, இப்படி. ஒவ்வொரு ரீட்டாகவே கிடைக்கும். நனைக்க வேண்டாம், பழக்க வேண்டாம், ஆகவே படி 5இல் பெரும்பாதியைத் தாண்டிவிடலாம். ஆனால் நாணல் ரீட்டில் நாம் பழகிய 'கெட்டி' என்ற உணர்வு இதில் வேறு மாதிரி வரும். ஆரம்பத்தில் இலகுவாக இருந்து, பலமாக ஊதும்போதுதான் இளக்கம் தெரியும். அதனால் படி 6இல் முதல் வேலையைவிட, பலமாக ஊதும் பகுதிக்கு அதிக எடை கொடுங்கள். அந்த நிறுவனத்தின் சிக்னேச்சர், யூரோப்பியன் கட் இரண்டும் வெட்டில் வேறு என்பதால் ஒன்றின் நம்பர் மற்றதற்குச் செல்லாது. ஒரே ரீட்டை மணிக்கணக்கில் தொடர்ந்து வாசித்தால் சற்று இளகும். இரண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

படி 8: உங்கள் சொந்த அட்டவணை

ஒரு நோட்டில் ஒரு பக்கம். மேலே மவுத்பீஸ் பெயர். கீழே ஒவ்வொரு வரியிலும் மாடல், நம்பர், எத்தனை ரீட் சோதித்தது, அளவுகோலை விடக் கெட்டியா இளக்கமா, சத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை, தேதி. என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "வி12, 3.5 – மூன்றில் இரண்டு சரி, ஒன்று வலது ஓரம் கெட்டி – மேல் ஸ்வரம் நிற்கிறது – மழைக்காலம்." அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்ததற்கு எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வறண்ட மாதங்களில் அதே நம்பர் வேறு மாதிரி நடந்துகொண்டதை அது இல்லாமல் கண்டுபிடித்திருக்க மாட்டேன். புது மவுத்பீஸ் வாங்கினால் அந்தப் பக்கத்தில் திருத்தம் போடாதீர்கள், அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடி முதல் படியில் இருந்து ஆரம்பியுங்கள்.